உறைமோர் முதல் மருந்துப் பொட்டலம் வரை

*தயிரும் புரோபயாட்டிக்கும் நம் குடலுக்குச் செய்வது என்ன? செய்யாதது என்ன?*

ஒடிசாவின் கிராமப்புறத்தில் ஒரு சிறிய வீடு. பிறந்து மூன்று நாளே ஆன சிசு தாயின் மடியில் கண்மூடிக் கிடக்க, வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர், தாம் கொண்டுவந்த தூளைத் திரவத்தில் கரைத்து, அதன் வாயில் சிறிது சிறிதாகப் புகட்டுகிறார். அத்தூளில் இருப்பது இன்னதென்று தாய்க்குத் தெரியாது, புகட்டுகிறவருக்கும் தெரியாது. சில சிசுக்களுக்கு வாய்த்தது கோடிக்கணக்கான உயிருள்ள பாக்டீரியா. மற்றச் சிசுக்களுக்கு வாய்த்தது வெறும் மாவுப்பொருள். யாருக்கு எது என்பது, பரீட்சை முடிந்து கணக்குப் பார்க்கும் நாள்வரை இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. ஏழு தினங்கள் இவ்வாறு புகட்டி, அதன்பின் அறுபது நாள்வரை அந்தச் சிசுக்களின் சுகதுக்கங்களை விடாமல் விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 149 கிராமங்களில், 4,556 சிசுக்களுக்கு இது நடந்தது.

மருத்துவர் பினாகி பாணிக்ரஹியும் அவருடைய சகாக்களும் நடத்திய இந்தப் பரீட்சையின் முடிவு 2017-ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தபோது, உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் அதை வியப்போடு படித்தார்கள். பிறந்த சிசுக்களைக் கொள்ளைகொள்ளும் இரத்த நஞ்சேற்றமோ மரணமோ, மாவுப்பொருள் பெற்ற சிசுக்களில் நூற்றுக்கு 9 பேரைப் பற்றியிருக்க, பாக்டீரியா பெற்ற சிசுக்களில் நூற்றுக்கு 5.4 பேரையே பற்றியிருந்தது. அதாவது ஆபத்து ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. குடலுக்குள் அனுப்பிய நுண்ணுயிர், குடலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் மூச்சுப்பாதைத் தொற்றையும் குறைத்திருந்தது. ஒரு சிசுவுக்கு ஆன மருந்துச் செலவோ ஏறத்தாழ ஓர் அமெரிக்க டாலர்.

இந்தச் செய்தியைக் கேட்டதும், "அப்படியானால் தயிர் சாப்பிட்டால் நோயே வராதா?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அண்மைக் காலத்தில் மருந்துக்கடை அலமாரியிலும், குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னும், தொலைக்காட்சி விளம்பரத்திலும் 'புரோபயாட்டிக்' என்ற சொல் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. நோயெதிர்ப்புச் சக்தி ஏதோ புட்டியில் அடைத்து விற்கத்தக்க பண்டம் என்பதுபோன்ற ஓர் அபிப்பிராயம் ஜனங்களிடையே வேரூன்றி வருகிறது. அந்த அபிப்பிராயத்தில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரிஸில் எழுந்த ஒரு நம்பிக்கை

விஷயம் புதிதன்று. உக்ரைனில் கார்கிவ் நகருக்கு அருகே 1845-இல் பிறந்து, பாரிஸின் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த இலியா மெச்னிக்கோஃப், இரத்தத்தின் சில செல்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்று கண்டவர். அதற்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதுமை என்பது பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகள் கக்கும் விஷத்தின் விளைவு என்றும், பல்கேரியக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் நித்தமும் உண்ணும் தயிரே காரணம் என்றும் அவர் கருதினார். 1904-இல் பாரிஸில் அவர் இதைப் பற்றிப் பேசிய பேச்சு பிரசித்தி பெற்றது. அடுத்த ஆண்டே ஸ்டாமென் கிரிகோரோஃப் என்ற பல்கேரிய மாணவர், ஜெனீவாவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் தம் நாட்டுத் தயிரிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இன்றும் அது லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்று பல்கேரியாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. மெச்னிக்கோஃப் தாமும் அன்றாடம் புளித்த பாலை அருந்திவந்து, 1916-இல் தமது 71-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய கொள்கைக்கு முதல் அடி 1920-களில் விழுந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கரும் அவருடைய சகாக்களும், பல்கேரியத் தயிரின் பாக்டீரியா மனிதக் குடலில் தங்கி வாழ்வதில்லை என்று காட்டினார்கள். தங்காத ஒன்று எப்படிப் பயன்தரும்? இதற்கு விடை காண்பதற்குள் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. குடலில் தங்கக்கூடிய வேறு பாக்டீரியாவைத் தேடி ஒரு கூட்டம் புறப்பட்டது. ஜப்பானின் கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாதான், 1935-இலிருந்து 'யாகுல்ட்' என்ற பானமாக விற்பனைக்கு வந்து, இன்று நம் நகரங்களிலும் கிடைக்கிறது.

குடலின் சுவரில் நடப்பவை

குடலை வெறும் ஜீரணக் குழாய் என்று எண்ணுகிறவர்கள் அதன் மகத்துவத்தில் பாதியைக்கூட அறியாதவர்கள். நம் தேகத்தின் நோயெதிர்ப்புச் செல்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் குடலைச் சார்ந்தே வாசம் செய்கின்றன. காரணம் எளிது. வெளியுலகம் நம் உடலுக்குள் மிக அதிகமாக நுழையும் இடம் அதுவே. ஒவ்வொரு கவளத்தோடும் உள்ளே வருவது ஆகாரமா பகைவனா என்பதைக் குடல் நொடிதோறும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பகைவனை விட்டுவிட்டால் தொற்று, ஆகாரத்தைப் பகைவனென்று கருதினால் ஒவ்வாமை, உள்ளே வசிக்கும் நல்ல நுண்ணுயிர்களைப் பகைத்தால் ஓயாத அழற்சி.

இந்தத் தீர்மானத்துக்கான பயிற்சியைக் குடல் பெறுவது நுண்ணுயிர்களிடமிருந்துதான். கிருமியே அண்டாத கண்ணாடிக் கூடுகளில் பிறந்து வளரும் எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் சிறுகுடல் சுவரிலுள்ள நோயெதிர்ப்புத் திட்டுகள் சரியாக வளராமல் இருந்ததையும், 'ஐஜிஏ' என்னும் காப்புப் புரதம் மிகக் குறைவாகவே சுரந்ததையும் கண்டார்கள். ஆரோக்கியமான மனிதக் குடல் நாள்தோறும் சில கிராம் அளவுக்கு இந்தப் புரதத்தைச் சுரந்து, கிருமிகள் சுவரைப் பற்றிக்கொள்ளாதபடி அவற்றின்மேல் பூசிவிடுகிறது. இன்னொரு பக்கம், நாம் உண்ணும் தவிடு, பருப்பு, கீரை, வாழைப்பூ ஆகியவற்றில் நமக்கு ஜீரணமாகாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பியூட்டிரேட் பெருங்குடலின் உட்தோல் செல்களுக்குப் பிரதான ஆகாரம். அதோடு, நோயெதிர்ப்பு அளவுமீறிப் போகாமல் தணித்து நிறுத்தும் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகவும் அது துணைசெய்கிறது. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோயெதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போவது ஆரோக்கியம் ஆகாது. வேண்டிய இடத்தில் எழும்பவும் வேண்டாத இடத்தில் அடங்கவும் தெரிந்த நோயெதிர்ப்பே நமக்குத் தேவை. ஆகவே "சக்தியைப் பெருக்கும்" என்ற விளம்பர வாசகமே விஷயத்தைத் தவறாகச் சொல்லுகிறது.

தாய்ப்பாலை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள சிக்கலான சர்க்கரைப் பொருள்களில் பலவற்றைச் சிசுவால் ஜீரணிக்கவே முடியாது. லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுதியாயிருக்கும் திடப்பொருள் அதுவாக இருந்தும், சிசுவுக்கு அது நேராகப் பயன்படுவதில்லை; சிசுவின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரையே போஷிக்கிறது. பிள்ளைக்கு ஊட்டும்போதே பிள்ளையின் நுண்ணுயிருக்கும் சேர்த்து ஊட்டுகிறாள் தாய். ஒடிசாவில் வெற்றி கண்ட தூளிலும் இதே தந்திரம் இருந்தது: லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியாவோடு, அது உண்டு வளர்வதற்கென்று ஒருவகைத் தாவரச் சர்க்கரையையும் சேர்த்தே கொடுத்தார்கள், அதைப் பெற்ற சிசுக்கள் யாவும் தாய்ப்பால் உண்டவை. அந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுக்க, 280-க்கு மேற்பட்ட வகைகளை அவர்கள் சோதித்துப் பார்த்திருந்தார்கள். இருபது ஆண்டுக்கால உழைப்பு அது.

பெட்டிச் செய்தி: எண்ணிக்கையில் குடல்

• சராசரி ஆடவரின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள். அவரிடம் குடியிருக்கும் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. இஸ்ரேலின் வைஸ்மன் கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு இது. பாக்டீரியா மனித செல்களைப்போல் பத்து மடங்கு என்று முன்பு சொல்லி வந்தது மிகை.

• அந்தப் பாக்டீரியா அனைத்தின் எடை சுமார் 200 கிராம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

• புரோபயாட்டிக் என்பதற்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் வகுத்த இலக்கணம்: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர். உயிர், அளவு, நிரூபிக்கப்பட்ட நன்மை ஆகிய மூன்றும் அமைய வேண்டும்.

நம் வீட்டுத் தயிர்

காய்ச்சி இளஞ்சூட்டுக்கு ஆற்றிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைத்தால், லாக்டிக் அமிலப் பாக்டீரியா பாலின் லாக்டோஸைத் தின்று அமிலமாக்க, அமிலம் ஏறஏறப் பாலின் புரதம் இறுகித் தயிராகிறது. இதற்குமேல் ஆலைத் தயிருக்கும் வீட்டுத் தயிருக்கும் ஒரு பெரும் பேதமுண்டு. ஆலையில் இன்ன இனம், இன்ன அளவு என்று தேர்ந்து விடுகிறார்கள். வீட்டிலோ நேற்றைய தயிரே இன்றைய உறை. ஆதலால் வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம், பாத்திரத்துக்குப் பாத்திரம் பாக்டீரியா மாறுகிறது. சென்னை ஆய்வாளர்கள் தென்னிந்திய வீட்டுத் தயிரை ஆராய்ந்து 2014-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, அதில் பலவகை லாக்டோபேசில்லஸ் இருப்பதையும், இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கும் ஆற்றல் அவற்றுக்கு ஓரளவு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டியது. இது ஆய்வுக்கூடத்தில் கண்ட சாமர்த்தியம். வீட்டுத் தயிர் உண்டவர்களுக்கு நோய் குறைந்தது என்ற நிரூபணம் ஆகாது. இந்த வேற்றுமையை மறந்துவிட்டுத்தான் நம்மில் பலர் பேசிவருகிறோம்.

ஆனால் தயிரின் ஒரு நன்மை ஐயமற நிலைநாட்டப்பட்டது. வயது வந்தபின் பாலின் லாக்டோஸை ஜீரணிக்கும் ஆற்றல் குறைந்துபோவது தென்னிந்தியரிடையே மிகச் சாதாரணம்; பால் குடித்தால் வயிறு உப்புகிறது, இரைகிறது என்பவர்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களே தயிரைத் தாராளமாக உண்கிறார்கள். புளிக்கும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுவது ஒரு காரணம். தயிரிலுள்ள பாக்டீரியா தம் நொதியைச் சிறுகுடலுக்குள் கொண்டுசென்று, மீதி லாக்டோஸையும் அங்கே உடைத்துத் தருவது மற்றொரு காரணம். நூற்றுக்கணக்கான புரோபயாட்டிக் விளம்பர உரிமைக் கோரிக்கைகளை நிராகரித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2010-இல் ஏற்றுக்கொண்டது தயிரின் இந்த ஒரு குணத்தைத்தான். பல்கேரியப் பாக்டீரியா குடலில் தங்குவதில்லை என்று ரெட்கர் சொன்னாரே, அந்தக் கேள்விக்கும் விடை இதுவே. விருந்தாளியாய் வந்தவர் வீட்டில் குடியேறாமலே ஒரு வேளைச் சமையலுக்கு உதவிவிட்டுப் போவதுபோல, தயிரின் பாக்டீரியா கடந்து செல்லும்போதே தம் காரியத்தை முடித்துவிடுகின்றன. தினமும் வந்தால்தான் தினமும் உதவி.

சமையலறையில் ஒரு சொல். மோர்க்குழம்பு கொதித்த மாத்திரத்தில் அதிலிருந்த பாக்டீரியா மடிந்துவிடுகின்றன. இட்லி மாவில் உயிர் துடித்தாலும் ஆவியில் வெந்த இட்லியில் உயிர் இல்லை. அவற்றின் சுவையும் போஷாக்கும் போய்விடுவதில்லை. ஆனால் உயிருள்ள பாக்டீரியாவை வேண்டுகிறவர்கள் நாடத்தக்கவை தயிர்சாதமும் நீர்மோரும்தான். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகே தயிர் விட்டுப் பிசைய வேண்டும்.

பதினேழு வாரப் பரீட்சை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சோனன்பர்க், கிறிஸ்டோஃபர் கார்ட்னர் ஆகியோரின் குழு, 36 ஆரோக்கியமான பெரியவர்களைப் பதினேழு வார காலம் கவனித்து, 2021-இல் 'செல்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு நார்ச்சத்து மிகுந்த ஆகாரம். மற்றொரு பிரிவினருக்குத் தயிர், கெஃபிர் என்னும் புளித்த பால், கொரிய நாட்டு கிம்ச்சி, கொம்பூச்சா முதலிய புளித்த ஆகாரங்கள். புளித்த ஆகாரம் உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. அவர்களுடைய இரத்தத்தில் அழற்சியைக் குறிக்கும் 19 புரதங்கள் குறைந்தன. அதிசயம் என்னவெனில், அவ்வாறு பெருகிய புதிய வகைகளில் மிகச் சிலவே அந்த ஆகாரங்களிலிருந்து வந்தவை. உணவோடு வந்த பாக்டீரியா தாம் தங்காவிட்டாலும், மற்ற வகைகள் தழைக்க ஏதோ ஒரு விதத்தில் வழிசெய்திருக்கின்றன.

நார்ச்சத்துப் பிரிவில் வகைகள் பெருகவில்லை; அழற்சியும் எல்லோருக்கும் ஒன்றுபோலக் குறையவில்லை. ஏற்கெனவே பல்வகை நுண்ணுயிர் செழித்திருந்தவர்களுக்கே நார்ச்சத்து அதிக நன்மை செய்தது. இதைப் படித்துவிட்டு நார்ச்சத்தைக் கைவிடுகிறவர்கள் பெரும் பிழை செய்வார்கள். நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும் பாக்டீரியா அருகிப்போன குடலில் அது திடீரென்று பலன் தராது என்பதே அதிலுள்ள பாடம். அவர்கள் நாளொன்றுக்குச் சராசரி ஆறு பங்கு புளித்த ஆகாரம் உண்டார்கள் என்பதையும், பரீட்சைக்கு வந்தவர் முப்பத்தாறே பேர் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தும், நார்ச்சத்தோடு புளித்த பாலும் சேர்ந்த நம் பழைய ஆகார முறை, கூழும் மோரும், கீரையும் தயிரும், இந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் மதிப்பு உயர்ந்தே நிற்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு

ஆன்டிபயாட்டிக் மாத்திரைச் சீட்டோடு ஒரு புரோபயாட்டிக் மாத்திரையும் எழுதித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது சரியா?

சரியென்பதற்கு ஆதாரம் உண்டு. ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிய 33 பரீட்சைகளைத் தொகுத்து 2019-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, புரோபயாட்டிக் பெறாத குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்குப் பேதி ஏற்பட, பெற்றவர்களில் 8 பேருக்கே ஏற்பட்டதாகக் கூறியது. சரியன்று என்பதற்கும் ஆதாரம் உண்டு. வைஸ்மன் கழகத்தின் எரான் எலினாவ், எரான் சீகல் ஆகியோரின் குழு 2018-இல் கண்டது இது: பதினொரு வகைப் பாக்டீரியா கலந்த புரோபயாட்டிக்கைப் பெரியவர்களுக்குக் கொடுத்துக் குடலுக்குள் உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்தபோது, சிலருடைய குடலில் அவை தங்கின, சிலருடைய குடல் அவற்றைத் தங்கவிடவே இல்லை. அதைவிடக் கவலை தருவது அடுத்த முடிவு. ஆன்டிபயாட்டிக்கால் அழிந்த சொந்த நுண்ணுயிர்கள் மறுபடியும் குடியேறுவதைப் புரோபயாட்டிக் மாதக்கணக்கில் தாமதப்படுத்தியது; ஒன்றும் கொடுக்காமல் விடப்பட்டவர்கள் அவர்களைவிட விரைவில் மீண்டார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. பேதி வருமென்று அஞ்சத்தக்க குழந்தைக்குச் சில நாள் கொடுப்பது ஒரு காரியம். பேதியின் அறிகுறியே இல்லாத ஒருவர் 'குடலைச் சுத்தமாக்க' மாதக்கணக்கில் விழுங்குவது வேறு காரியம். முன்னதற்கு மருத்துவரின் யோசனை போதும். பின்னதற்கு நியாயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிராயச்சித்தமாகப் புரோபயாட்டிக்கைத் தேடுவதைவிட, வேண்டாத ஆன்டிபயாட்டிக்கைத் தொடாமலிருப்பதே குடலுக்கு நாம் செய்யும் பேருபகாரம்.

ஒரே வியாதி, வெவ்வேறு விடைகள்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 3,758 குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம் தினந்தோறும் ஷிரோட்டாவின் பாக்டீரியா கலந்த பானத்தையோ, பாக்டீரியா இல்லாத பானத்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, முன்னது பேதியை 14 சதவீதம் தடுத்தது. இது வரும்முன் காப்பது. வந்தபின்? 2018-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு பரீட்சைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 971 குழந்தைகளுக்கு ராம்னோசஸ் ஜி.ஜி. என்னும் பெயர்பெற்ற பாக்டீரியா. கனடாவில் 886 குழந்தைகளுக்கு வேறு இரண்டு பாக்டீரியாவின் கலவை. இரண்டிலும் போலி மருந்துக்கும் புரோபயாட்டிக்குக்கும் பேதமே இல்லை. பேதிக்குக் கண்கண்ட மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையுமே. அவற்றை மறந்துவிட்டுப் புரோபயாட்டிக் பொட்டலத்தைத் தேடுகிற வீட்டில் குழந்தை நீரிழந்து வாடும்.

நம் வேலூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு வாய்வழி போலியோ சொட்டு மருந்து எதிர்பார்த்த அளவுக்குப் பலிப்பதில்லை என்பதைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். பின்னர் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் அதே குறை தெரிந்தது. குடலின் நிலையே காரணமென்றால், அதைச் சீர்செய்தால் தடுப்பு மருந்து பலிக்க வேண்டுமல்லவா? வேலூர் ஆய்வாளர்கள் இதை நேராகவே சோதித்தார்கள். 754 குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலின் நோய்க்கிருமிகளைக் குறைத்தபின் போலியோ மருந்தைப் புகட்டிப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, மருந்தின் பலன் கூடவில்லை. இன்னொரு பரீட்சையில் 620 சிசுக்களுக்குப் புரோபயாட்டிக்கும் துத்தநாகமும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் திட்டமாகச் சொல்லத்தக்க ஏற்றம் கிட்டவில்லை. தம் ஊகம் பலிக்காததையும் மறைக்காமல் உலகுக்குச் சொன்ன அந்த ஆய்வாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் எது பயன்படாது என்ற அறிவும் ஏழைக் குழந்தையின் காசையும் காலத்தையும் காக்கிறது.

அதே கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது. காலரா நோயாளிகள் 48 பேரில் ஒரு பிரிவினருக்கு, உப்புக் கரைசலோடு சிறுகுடலில் ஜீரணமாகாத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்கச் செய்து குறுங்கொழுப்பு அமிலங்களாக்க, அவை உடல் நீரை மறுபடி உறிஞ்சிக்கொள்ளத் துணைசெய்தன. பேதியின் அளவும் காலமும் குறைந்தன. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவையும் அனுப்பவில்லை. உள்ளே இருந்தவற்றுக்கு ஆகாரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பெட்டிச் செய்தி: எங்கே ஜாக்கிரதை?

• நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகள் 298 பேரிடம் நடந்த பரீட்சையில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 6 சதவீதம் பேரும் மாண்டார்கள். 'லான்செட்' இதை வெளியிட்டது 2008-இல்.

• குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் குடல் திசு அழுகும் கொடிய நோயைச் சில புரோபயாட்டிக் குறைக்கின்றன என்று பல பரீட்சைகள் கூறுகின்றன. ஆனால் அதே பாக்டீரியா இரத்தத்தில் கலந்து உயிருக்கு உலைவைக்கக்கூடும் என்று, ஒரு சிசு மரணத்தை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது.

• புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களும் மருத்துவர் அனுமதியின்றி இவற்றைத் தொடலாகாது.

கடையில் நின்று கேட்க வேண்டியவை

ஒடிசாவின் சிசுவைக் காத்ததும் ஒரு பாக்டீரியா. நெதர்லாந்தின் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் பாக்டீரியாவே. ஆகவே 'புரோபயாட்டிக் நல்லதா?' என்ற கேள்விக்கே பொருள் இல்லை. எந்த இனத்தின் எந்த வகை, எவ்வளவு, எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு, எத்தனை நாள் என்று கேட்டால்தான் விடை உண்டு. மேலட்டையில் வெறுமனே 'நல்ல பாக்டீரியா' என்றிருந்தால் போதாது. இனப்பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக வகைக்குறி இருக்க வேண்டும். பரீட்சையில் வென்ற வகையின் புகழை அதன் பங்காளி வகைக்குக் கொடுத்துவிட முடியாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், நாளொன்றுக்கு உட்கொள்ளும் அளவில் பத்துக் கோடிக்குக் குறையாத உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த எண்ணிக்கை ஆலையைவிட்டுப் புறப்படும்போது இருந்ததா, வெயிலில் வண்டியில் வந்து நம் கைக்குச் சேரும்போதும் இருக்கிறதா என்பது குளிர்ச்சி காக்கப்பட்டதைப் பொறுத்தது. பழச்சுவை சேர்த்த தயிரானால் அதிலுள்ள சர்க்கரையின் அளவையும் அதே அட்டையில் படித்துவிடுங்கள்.

ஆரோக்கியமாயிருக்கும் ஒருவர், நோயெதிர்ப்பைப் பெருக்கிக்கொள்வதற்கென்று அதிக விலை கொடுத்து மாத்திரை வாங்குவதற்கு இன்றுள்ள ஆதாரம் போதாது. அதே மனிதர் நாள்தோறும் ஒரு கிண்ணம் தயிரும், கீரையும் பருப்பும் பழமும் உண்பதற்கு ஆதாரம் தாராளமாக உண்டு. வயிற்றுப்போக்கோ குடல் அழற்சியோ உள்ளவர் மருத்துவரிடம் வகையின் பெயரைக் கேட்டு வாங்கட்டும்.

நம் ஆராய்ச்சி நிலையங்களுக்கும், அவற்றுக்குப் பொருளுதவி செய்யும் அரசுக்கும் ஒரு விண்ணப்பம். ஒடிசாவின் சிசுக்களிடம் கண்ட பலன் மற்ற மாநிலங்களிலும் கிட்டுகிறதா என்பதைப் பெரும் பரீட்சைகளால் உறுதிசெய்ய வேண்டும்; சிசு ஒன்றுக்கு ஒரு டாலர் செலவில் ஆபத்தை இவ்வளவு குறைக்க முடியுமென்றால், அதைக் காலந்தாழ்த்துவதற்கு நியாயமே இல்லை. அதோடு, தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் உறைந்துவரும் தயிரின் பாக்டீரியாவையும், ஊர் ஊராகச் சேகரித்து, வகை பிரித்து, பாதுகாத்து, மனிதரிடம் முறைப்படி சோதித்துப் பார்க்க வேண்டும். ஆலை உறை வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், அந்தப் பணியை இப்போதே தொடங்குவது அவசியம்.